எத்தியோப்பிய நெடுந்தூர ஓட்டக்காரர்களின் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்லின் மாரத்தானிலோ வலென்சியா மாரத்தானிலோ ஓர் எத்தியோப்பியர் முதலாவதாக வந்துவிட்டால் போதும், எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டக் குழுவில் கேள்விகள் தொடங்கிவிடும். வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், என்ன பேஸ் (கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம்), என்ன சாப்பாடு என்று. பல வருடங்களாக இந்த ஓட்டங்களைப் பார்த்தும் படித்தும் வருகிறவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒரேயடியாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் கேட்பதெல்லாம் எண்கள். அங்கே பயிற்சியாளர் முதலில் முடிவு செய்வது, நாளைக்கு எந்த இடத்தில் ஓடுவது, யார் யாரோடு ஓடுவது என்பதைத்தான்.

இந்தக் கதை எங்கே தொடங்குகிறது?

1960, ரோம் ஒலிம்பிக். அரசரின் மெய்க்காவல் படையைச் சேர்ந்த அபெபே பிகிலா வெறுங்காலோடு ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் மாரத்தானை வென்றார். அன்றைய உலகின் மிகச் சிறந்த நேரம் அது. ஓட்டம் முடிந்தபோது இருட்டிவிட்டது, வழியெல்லாம் தீப்பந்த வெளிச்சம். இத்தாலி எத்தியோப்பியாவிலிருந்து கொள்ளையடித்துக் கொண்டுபோய் ரோமில் நட்டு வைத்திருந்த அக்சூம் கல்தூண் வழியில் இருந்தது. அதைத் தாண்டும் இடத்தில்தான் அபெபே வேகமெடுத்தார். (அந்தத் தூண் 2005இல்தான் ஊர் திரும்பியது.)

1964 டோக்கியோவில் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்து ஆறு வாரம்கூட முழுசாக ஆகாத நிலையில் மீண்டும் வென்றார். இந்த முறை காலில் ஷூ. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மற்றவர்கள் சுருண்டு விழும் இடத்தில், அவர் புல்தரையில் படுத்துக் கால்களை நீட்டி மடக்கி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். அந்தப் பழைய படத்தை ஒருமுறை பாருங்கள். பின்னால் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

அவருடைய பயிற்சியாளர் ஒன்னி நிஸ்கனென் ஸ்வீடன்காரர். ஆக எத்தியோப்பியப் பயிற்சி என்று நாம் சொல்வது மண்ணிலிருந்து தானாக முளைத்ததல்ல. ஐரோப்பாவிலிருந்து வந்த இடைவெளிப் பயிற்சியும் (கொஞ்ச தூரம் வேகமாக, கொஞ்சம் இளைப்பாறி, மறுபடி வேகமாக ஓடுவது), ராணுவ உடற்பயிற்சியும், அந்த ஊர் மலையும் காடும் கலந்து உருவானது. பிறகு நெகுசே ரோபா, வொல்டெமெஸ்கெல் கோஸ்த்ரே போன்ற உள்ளூர்ப் பயிற்சியாளர்கள் அதை ஒரு மரபாகவே ஆக்கினார்கள்.

வெறுங்காலில் ஓடுவதுதான் ரகசியமா?

இல்லை. ரோமில் கிடைத்த ஷூ அபெபேயின் காலுக்குச் சரியாக அமையவில்லை. வெறுங்காலில் ஓடிப் பழகியிருந்ததால் அப்படியே ஓடிவிட்டார். அவ்வளவுதான். இன்று அங்கே நல்ல ஷூ கிடைத்த யாரும் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுவதில்லை.

பயிற்சி பெரும்பாலும் எங்கே நடக்கிறது?

தலைநகர் அடிஸ் அபாபாவைச் சுற்றி. ஊரே சுமார் 2,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே என்தோட்டோ மலை 3,000 மீட்டரைத் தாண்டும். அதற்கு அந்தப் பக்கம் சுலுல்டா, சுமார் 2,700 மீட்டர். கிழக்கே செண்டாஃபா கொஞ்சம் தாழ்வு. தெற்கே அகாக்கி ஏறக்குறைய 2,100. இன்னும் இறங்கினால் பிஷோஃப்து, 1,900 சொச்சம்.

இந்த வரிசையை வெறும் ஊர்ப் பட்டியலாகப் படிக்காதீர்கள். சமையல்காரருக்கு அடுப்பில் தீயைக் கூட்டுவதும் குறைப்பதும் எப்படியோ, அங்குள்ள பயிற்சியாளருக்கு இந்த ஊர்கள் அப்படி. குழுவை மெதுவாக, ஆனால் நெஞ்சு அடைக்க ஓட வைக்க வேண்டுமா? என்தோட்டோ. கால் வேகமாகச் சுழல வேண்டுமா? பேருந்தில் ஏற்றி அகாக்கிக்கு இறக்கிவிடு. அங்கே காற்று கொஞ்சம் கனமாக இருக்கும், மூச்சு கிடைக்கும், போட்டி வேகத்தில் கால் பழகும். ஒரே வாரத்தில் நான்கு வெவ்வேறு உயரத்தில் ஓடுகிறவர்கள் சாதாரணம். இதற்காகவே அதிகாலை நாலரை, ஐந்து மணிக்கு இருட்டில் சாலை ஓரம் ஓட்டக்காரர்கள் குழுப் பேருந்துக்குக் காத்து நிற்பார்கள்.

உயரத்தில் ஓடினால் உண்மையில் என்ன ஆகிறது?

அடிஸ் அபாபாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். சமவெளியிலிருந்து போகிறவருக்குச் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற சுரப்பைக் கூடுதலாக விடும், ரத்தச் சிவப்பணுக்கள் பெருகும். கடல்மட்டத்துக்கு இறங்கியதும் அது கூடுதல் பலம். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்.

ஆனால் பிறந்ததிலிருந்தே அங்கே வாழ்கிறவர்கள் விஷயம் அவ்வளவு நேர்கோடு அல்ல. எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் 3,500 மீட்டர் உயரத்தில் வாழ்கிற ஒரு மக்கள் கூட்டத்தைச் சோதித்தபோது, அவர்களுடைய ஹீமோகுளோபின் அளவும் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவும் கடல்மட்டத்தில் இருப்பவர்களைப் போலவே இருந்தது. 2002இல் வெளிவந்த ஆய்வு அது. ஆண்டிஸ் மலைக்காரர்களுக்கும் திபெத்தியர்களுக்கும் இப்படி இல்லை. அதனால் "உயரம், சிவப்பணு, பதக்கம்" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிட முடியாது. உயரம் முக்கியம், ஆனால் போதாது. நேபாளத்திலும் பொலிவியாவிலும் உயரத்துக்குக் குறைவில்லையே.

ஒரு வாரம் எப்படி இருக்கும்?

பல குழுக்களில் வாரத்தில் மூன்று நாள் கடினம், மீதி நாள் இளைப்பாறும் ஓட்டம். கடினமான நாட்களில் எல்லோரும் பேருந்தில் சேர்ந்து போவார்கள். மற்ற நாட்களில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் காட்டில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஓடுவார்கள்.

ஓடும் தரையை வைத்தே நாளுக்குப் பெயர். சக்கா என்றால் காடு: மெதுவான ஓட்டம், ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். கொரோகோன்ச் என்றால் கரடுமுரடான சரளை மண் சாலை: நீண்ட ஓட்டம், மேடு பள்ளம். அஸ்பால்ட் என்றால் தார்ச்சாலை: போட்டி வேகத்துக்கு நெருக்கமாக 20, 30 கிலோமீட்டர், பக்கத்திலேயே பேருந்து ஊர்ந்து வரும், ஜன்னல் வழியே தண்ணீர் பாட்டில் நீளும். அப்புறம் ட்ராக்: 200, 400, 1000 மீட்டர் வேக ஓட்டங்கள். மாரத்தான் ஓடுகிறவர்களின் வாரத் தூரம் 150 கிலோமீட்டரிலிருந்து 200ஐயும் தாண்டும். ஆனால் அங்கே யாரும் தூரத்தைக் கூட்டிப் பார்த்துப் பெருமைப்படுவதில்லை. காட்டு ஓட்டத்தை நிமிடக் கணக்கில்தான் சொல்வார்கள்.

தார்ச்சாலை நாள் வாரத்துக்கு ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். தார் காலைத் தின்றுவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. நாம் வாரம் ஆறு நாளும் தாரிலும் கான்கிரீட்டிலும் ஓடிவிட்டு முழங்கால் வலிக்கு எண்ணெய் தேடுகிறோம்.

காட்டுக்குள் பாம்பு மாதிரி வளைந்து ஓடுகிறார்களே, அது எதற்கு?

எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

என்தோட்டோ முழுக்கத் தைலமரம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இரண்டாம் மெனெலிக் அரசர் காலத்தில், விறகுத் தட்டுப்பாட்டுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது. ஊட்டிப் பக்கம் போனவர்களுக்கு அந்த வாசனை உடனே மூக்கில் ஏறும். இந்தக் காட்டில் பாதையே இல்லாத இடத்தில் பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராக ஓடுகிறார்கள். முன்னால் போகிறவர் ஒரு மரத்தை இடப்பக்கம் சுற்றுவார், சரிவில் பத்தடி ஏறுவார், திரும்பி இறங்குவார், விழுந்து கிடக்கும் கிளையைத் தாண்டுவார். பின்னால் வருகிறவர் எதிரே பார்ப்பதில்லை. முன்னவர் குதிகால் எங்கே பதிகிறதோ அங்கேயே தன் காலைப் பதிக்கிறார். தொடக்கத்தில் வேகம் சிரிப்பு வரும் அளவுக்குக் குறைவு. கிலோமீட்டருக்கு ஆறு, ஏழு நிமிடம். போட்டியில் மூன்று நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடும் ஆள் அவர்! நம்மூர்ப் பூங்காவில் அவரை நீங்களும் நானும் முந்திவிடலாம். முந்திவிட்டு வீட்டில் சொல்லிப் பெருமைப்படலாம்.

இதில் பல லாபம். தரை மெத்தென்று இருப்பதால் எலும்புக்கு அடி இல்லை. ஒவ்வோர் அடியும் வேறு கோணத்தில் விழுவதால் கணுக்கால் பலப்படுகிறது. நேர்ப்பாதை இல்லாததால் ஆசைப்பட்டாலும் வேகமாகப் போக முடியாது, ஓய்வு நாள் ஓய்வு நாளாகவே இருக்கும். எல்லாவற்றையும்விட, முன்னால் ஓடுவது ஒரு பொறுப்பு. பின்னால் வருகிறவர்களின் கால்களையும் சேர்த்து யோசித்துத் தடம் போட வேண்டும். அரை மணி கழித்து அவர் ஒதுங்குவார், அடுத்தவர் முன்னால் வருவார்.

அதிகாலையில் கழுதைப்புலி எதிர்ப்படுவதும் உண்டு. தனியாகப் போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

தனியாக ஓடினால் என்ன? நான் அலாரம் வைத்து, இயர்ஃபோன் மாட்டித் தனியாகத்தானே ஓடுகிறேன்?

நன்றாக ஓடுங்கள். ஆனால் அங்கே அதை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். உடம்பு நலத்துக்கு ஓடுகிறவர் தனியாக ஓடலாம். ஓட்டக்காரராக மாற நினைப்பவர் சேர்ந்துதான் ஓட வேண்டும் என்பது பொது எண்ணம். தனியாகச் சாப்பிடுவதைப் போலவே தனியாகப் பயிற்சி செய்வதும் கொஞ்சம் சுயநலம் என்று கருதப்படும்.

இதை வெறும் பாசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 30 கிலோமீட்டர் தார்ச்சாலை ஓட்டத்தில் வேகத்தை ஒருவர் மட்டும் இழுத்தால் அவர் மட்டும் களைத்துப் போவார். அதனால் முறை வைத்து முன்னால் வருகிறார்கள். குழுவில் ஒருவன் தளரும்போது "அய்ஸோ" என்று குரல் வரும். விடாதே, தைரியமாக இரு என்று பொருள். பெண்ணாக இருந்தால் "அய்ஸோஷ்". ஒருவர் கட்டளையை மீறித் தாறுமாறாக வேகமெடுத்தால் பயிற்சியாளர் சத்தம் போடுவார். தன் பலத்தைப் பயிற்சியிலேயே காட்டித் தீர்த்துவிடுகிறவனுக்கு அங்கே மதிப்பு இல்லை.

கடைசிச் சுற்றில் அந்த வேகம் எங்கிருந்து வருகிறது?

மிருட்ஸ் இஃப்தர் காலத்திலிருந்து கேட்கப்படும் கேள்வி. 1980 மாஸ்கோவில் 5,000, 10,000 இரண்டையும் கடைசிச் சுற்றில் திடீரென்று கியர் மாற்றி வென்றவர். அவருக்கு என்ன வயது என்று யாருக்கும் தெரியாது. என் கோழியைத் திருடலாம், ஆட்டைத் திருடலாம், என் வயதை எவனும் திருட முடியாது என்று அவர் பத்திரிகையாளர்களிடம் சொன்னதாக ஒரு கதை இன்றும் சுற்றுகிறது.

சரி, பதிலுக்கு வருகிறேன். 2003 பாரிஸ் உலகப் போட்டியில் 10,000 மீட்டரின் இரண்டாவது பாதியை மட்டும் கெனெனிசா பெகேலே 12 நிமிடம் 57 விநாடியில் ஓடினார். தனி 5,000 மீட்டர் போட்டியாக இருந்திருந்தாலே அது பெரிய நேரம். 2005இல் பிரஸ்ஸல்ஸில் அதே 10,000 மீட்டரில் அவர் ஓடிய 26 நிமிடம் 17.53 விநாடி என்ற அன்றைய உலக சாதனையைக் கணக்குப் போட்டால், 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 63 விநாடி, அப்படியே 25 சுற்று. இப்படி ஓடுகிறவரால் கடைசியில் மேலும் வேகமெடுக்க முடிகிறது என்றால், அந்த 63 விநாடி அவருக்குத் திணறல் இல்லை என்று அர்த்தம்.

அந்த இலகுவை வளர்ப்பதற்குத்தான் மெதுவான ஓட்டம் முடிந்த பிறகும் 80, 100 மீட்டர் தூரத்துக்கு நாலைந்து வேக ஓட்டங்கள், குறுகிய மேட்டில் பாய்ச்சல்கள், ட்ராக்கில் 200, 400 மீட்டர்கள். நெடுந்தூரம் ஓடுகிறவனும் குறுந்தூரம் ஓடுகிறவனைப் போல முழங்காலை உயர்த்தத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அங்கே பிடிவாதமான கொள்கை. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை: மெல்லிய காற்றில் 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப ஓடும்போது நேரம் கடல்மட்டத்தைவிடக் கூடத்தான் வரும். அவர்களின் பயிற்சி நேரத்தை இணையத்தில் பார்த்து, "இது நானும் ஓடுவேனே" என்று நினைத்துவிடாதீர்கள்.

ஜிம்முக்குப் போவார்களா?

இப்போது சிலர் போகிறார்கள். ஆனால் பெரும்பாலும் நடப்பது கூட்டு உடற்பயிற்சி. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் வரிசையாக நின்று, ஒருவர் செய்வதை எல்லோரும் ஒரே தாளத்தில் செய்வது: முழங்கால் உயர்த்தல், கைச் சுழற்சி, துள்ளல், குந்தல், இடுப்பு வளைப்பு. பார்க்க ராணுவ அணிவகுப்பும் நடனமும் கலந்த மாதிரி இருக்கும். டோக்கியோவில் அபெபே புல்தரையில் செய்ததும் இதே மரபுதான்; மெய்க்காவல் படை பழக்கம்.

ஊருக்குள் இதைப் பார்க்க வேண்டுமானால் மெஸ்கல் சதுக்கம். அரை வட்டமாக, படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக ஏறும் மண்டபம் போன்ற திடல். விடியும் முன்பே அங்கே கூட்டம். ஓர் அடுக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடி, ஒரு படி ஏறி, அடுத்த அடுக்கில் திரும்பி ஓடி, இப்படியே உச்சி வரை. கீழே பெரிய சாலையில் லாரி ஓடும். மேலே பதினாறு வயதுப் பையனும், தொப்பை கரைக்க வந்த அரசு ஊழியரும், அடுத்த வாரம் ஐரோப்பாவில் ஓடப்போகிறவரும் ஒரே படியில் எதிரெதிரே ஓடிக்கொண்டிருப்பார்கள்.

பெகோஜி என்ற ஊரின் பெயர் அடிக்கடி வருகிறதே?

அர்சி பகுதியில், அடிஸ் அபாபாவுக்குத் தெற்கே 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிறிய ஊர். பார்லியும் கோதுமையும் விளையும் பூமி. இந்த ஊரிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் பிறந்தவர்கள் தெரார்து துலு, ஃபாதுமா ரோபா, கெனெனிசா பெகேலே, திருனேஷ் திபாபா, திக்கி கெலானா. 1992இலிருந்து 2012 வரை இவர்கள் ஐந்து பேரும் சேர்த்து வாங்கிய ஒலிம்பிக் தங்கம் மட்டும் பத்து.

இவர்களில் தெரார்து, கெனெனிசா, திருனேஷ் மூவரையும் சிறுவயதில் ஓட வைத்தவர் செந்தயேஹு எஷேது, அங்கே ஆரம்பப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். அவரிடம் பெரிய கருவி எதுவும் இருந்ததில்லை. ஒரு மண் மைதானம், ஒரு சரிவு, ஒரு தைலமரத் தோப்பு, காலையில் வந்து நிற்கும் நூறு பிள்ளைகள். ஒரு பிள்ளை வென்றதும் அடுத்த பிள்ளைக்கு அது எட்டாக்கனி இல்லை என்று தெரிந்துவிடுகிறது. தெரார்துவின் உறவுக்காரப் பெண்தான் திருனேஷ். திருனேஷின் அக்கா எஜெகாயேஹு ஒலிம்பிக் வெள்ளி, தங்கை கென்செபே 1,500 மீட்டரில் 2015இல் 3 நிமிடம் 50.07 விநாடி ஓடி உலக சாதனை படைத்தவர். ஒரு வீட்டுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

இடையில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. எத்தியோப்பியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இரண்டாவதாக வருவது அப்பா பெயர், நம்மூர் இனிஷியல் மாதிரியே. அதனால் "திபாபா வென்றார்" என்று எழுதுவது, அப்பா வென்றார் என்று எழுதுவதற்குச் சமம். திருனேஷ் என்றே சொல்லுங்கள்.

எல்லாம் மரபணுவா?

பதக்கத்துக்கு இதுதான் காரணம் என்று காட்டக்கூடிய ஒற்றை மரபணுவை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. எத்தியோப்பிய வீரர்களின் பின்னணியை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு: அர்சி, ஷேவா என்ற குறிப்பிட்ட சில மேட்டுநிலப் பகுதிகளிலிருந்து அளவுக்கு மீறி வருகிறார்கள், சிறுவயதில் பள்ளிக்கு நெடுந்தூரம் ஓடிப் போனவர்களும் அதிகம். இடமும் வாழ்க்கை முறையும் பேசுகின்றன. மெலிந்த கெண்டைக்கால், நீண்ட கால் போன்ற உடலமைப்பு உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் "ரத்தத்திலேயே இருக்கிறது" என்று சொல்லும்போது, விடிகாலைப் பேருந்துக்கு எட்டு வருடம் காத்து நின்றவனின் உழைப்பை நாம் சத்தமில்லாமல் கழித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஹைலே பள்ளிக்கு 10 கிலோமீட்டர் ஓடியது உண்மையா?

உண்மை. அசெல்லா பக்கத்துக் கிராமத்திலிருந்து போக 10, வர 10. புத்தகங்களை இடது கையில் இடுக்கிக்கொண்டு ஓடியதால், பின்னாளில் ட்ராக்கிலும் ஹைலே கெப்ரசெலாசியின் இடது கை புத்தகத்தை அணைத்த மாதிரியே மடங்கி நிற்கும். 2000 சிட்னி ஒலிம்பிக் 10,000 மீட்டரில் கென்யாவின் பால் டெர்காட்டை 0.09 விநாடியில் முந்திய அந்தக் கடைசி நேர்க்கோட்டைப் பாருங்கள், கை தெரியும்.

கென்யர்களின் பயிற்சிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஒற்றுமைதான் அதிகம். வித்தியாசம் என்றால், கென்யர்கள் ஐட்டென் போன்ற சிற்றூர்களில் முகாம் போட்டுச் செம்மண் சாலையில் பெருங்கூட்டமாக ஓடுகிறார்கள். எத்தியோப்பியாவில் தலைநகரமும் அதன் குழுக்களும்தான் மையம், காடு கூடுதல், பயிற்சியாளரின் பிடி இறுக்கம். கென்யாவில் பயிற்சியிலேயே ஒருவரை ஒருவர் உதிர்த்துவிடும் பழக்கம் உண்டு. எத்தியோப்பியாவில் அதைப் போட்டி நாளுக்கு மிச்சம் வைப்பார்கள். இதெல்லாம் பொதுப்படை. இரு பக்கமும் விதிவிலக்கு நிறைய.

என்ன சாப்பிடுகிறார்கள்?

இஞ்சேரா. தெஃப் என்ற, கசகசாவைப் போல மிகச் சிறிய தானியத்தை அரைத்துப் புளிக்க வைத்துச் சுடும் பெரிய அப்பம். ஒரு பக்கம் மட்டும் வேகும், மேலே முழுக்கக் கண் கண்ணாக ஓட்டை. தோசைக்கும் ஆப்பத்துக்கும் தூரத்துச் சொந்தம் என்று தோன்றும், புளிப்பு மட்டும் நம் நாக்குக்குத் தூக்கல். அதன் மேல் கொண்டைக்கடலை மாவில் செய்த ஷிரோ, பருப்பு, கீரை, காரக் குழம்பு, சில நாள் இறைச்சி. ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் பிய்த்துச் சாப்பிடுவார்கள். ஓட்டம் முடிந்ததும் வறுத்த பார்லி மாவில் செய்த பெஸ்ஸோ, தேன், முட்டை, தேநீர்.

அங்குள்ள முன்னணி ஓட்டக்காரர்களின் உணவை அளந்த ஓர் ஆய்வில், கலோரியில் ஏறக்குறைய 64 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வந்தது. மாவுச்சத்தைக் குறைத்தால்தான் ஓட முடியும் என்று இங்கே வாட்ஸ்அப்பில் சொல்கிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள். இன்னொன்று, ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதன், வெள்ளி விரதம், ஈஸ்டருக்கு முன் நீண்ட விரதம். அந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை இல்லை. பருப்பையும் இஞ்சேராவையும் வைத்தே பலர் சமாளித்து ஓடுகிறார்கள்.

ஓய்வு?

காலைப் பயிற்சி முடிந்து சாப்பிட்டதும் தூக்கம். மாலையில் அரை மணி, முக்கால் மணி மெல்லோட்டம், பிறகு மறுபடி தூக்கம். ஓட்டக்காரன் வெட்டியாக ஊர் சுற்றினால் பக்கத்து வீட்டுக்காரர் பயிற்சியாளரிடம் போட்டுக் கொடுத்துவிடுவார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். காலில் வலி வந்தால் மசாஜ். அடிஸ் அபாபாவில் ஃபில்வோஹா என்ற வெந்நீர் ஊற்றுக் குளியலும் உண்டு, என்தோட்டோ தேவாலயத்துப் புனித நீரும் உண்டு. நம்பிக்கையும் சிகிச்சையும் அங்கே ஒரே வரிசையில் நிற்கும்.

பணம் யார் கொடுக்கிறார்கள்?

குழுக்கள். மின்வாரியம், வணிக வங்கி, பாதுகாப்புப் படை, போலீஸ், சிமென்ட் ஆலை எல்லாவற்றுக்கும் ஓட்டக் குழு உண்டு. மாதச் சம்பளம், பேருந்து, பயிற்சியாளர், உடை. ஓடுவதற்காகவே வேலைக்கு எடுக்கிறார்கள். சம்பளம் பெரிதல்ல, ஆனால் பத்தொன்பது வயதுப் பையன் ஊருக்குத் திரும்பாமல் இன்னும் மூன்று வருடம் முயற்சி செய்ய அது போதும்.

பெரிய பணம் வெளிநாட்டுச் சாலை ஓட்டத்தில். துபாய் மாரத்தானில் முதல் பரிசு 2 லட்சம் டாலர் அளவில் இருந்த காலத்தில், அதுவரை யாரும் கேள்விப்படாத எத்தியோப்பியர்கள் வரிசையாக வந்து வென்றார்கள். 2014இல் த்செகாயே மெகோன்னென் 2 மணி 4 நிமிடம் 32 விநாடியில் வென்றபோது வயது 18. முன்பெல்லாம் ட்ராக்கில் பத்து வருடம் ஓடிவிட்டு மாரத்தானுக்கு வருவார்கள். இப்போது நேராக மாரத்தான். காலுக்கு அது நல்லதா என்றால், எனக்குச் சந்தேகம்தான். பணத்துக்கு அது புரிகிறது.

பெண்களுக்குத் தனிப் பயிற்சியா?

பெரும்பாலும் ஒரே குழு, ஒரே பேருந்து. பெண்களுக்கு வேகம் பிடித்துக்கொடுக்க ஆண்கள் கூடவே ஓடுவது சகஜம். 2023 பெர்லினில் 2 மணி 11 நிமிடம் 53 விநாடி ஓடி அப்போதைய உலக சாதனையைத் தூள் தூளாக்கிய திக்ஸ்ட் அஸ்ஸெஃபா முன்பு 800 மீட்டர் வீராங்கனை. மேலே சொன்னேனே, குறுந்தூர வேகம், அதற்கு இவரைவிட நல்ல சாட்சி கிடையாது. கணவரே பயிற்சியாளராக இருப்பதும் அங்கே அதிகம். 5,000 மீட்டரை 14 நிமிடம் 0.21 விநாடியில் ஓடிய குதாஃப் த்செகாயும் அப்படித்தான். 1992 பார்சிலோனாவில் தெரார்து துலு 10,000 மீட்டரில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் கறுப்பின ஆப்பிரிக்கப் பெண்ணானார். "பெண் பிள்ளை எதற்கு ஓடுகிறாய்" என்ற கேள்வி அதன் பிறகு அர்சியில் கொஞ்சம் அடங்கியது.

ஷூ எவ்வளவு முக்கியம்?

முக்கியம்தான். சரளைச் சாலைக்குப் பழைய ஷூ, தார்ச்சாலை நாளுக்குப் பத்திரமாக எடுத்து வைத்த நல்ல ஷூ என்று பிரித்து வைத்திருப்பார்கள். 2021 வியன்னா மாரத்தானில் தெராரா ஹுரிசா முதலாவதாக வந்தார். அடிப்பாகம் 4 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, அவருடையது 5. தகுதி நீக்கம். 42 கிலோமீட்டர் ஓடி ஒரு சென்டிமீட்டரில் தோற்ற கதை.

ஊக்கமருந்து?

கேட்க வேண்டிய கேள்வி. 2016இல் ஊக்கமருந்துக் கட்டுப்பாடு மோசமாக இருக்கும் நாடுகள் என்று உலகத் தடகள அமைப்பு எச்சரித்த ஐந்தில் எத்தியோப்பியாவும் ஒன்று. அதன்பின் சோதனை கூடியது, ஊக்கமருந்து எடுப்பது அங்கே குற்றவியல் சட்டத்துக்குள்ளும் வருகிறது. ஓட்டக்காரர் ஒருவர் சிறைக்கே போனார். பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள், இன்னும் பிடிபடுவார்கள். அதை வைத்து எல்லோரையும் சந்தேகிப்பதும் தப்பு, ஒருவரையும் சந்தேகிக்காததும் தப்பு.

இதில் எதை நாம் எடுத்துக்கொள்ளலாம்?

உயரத்தை முடியாது, ஊட்டியில் வீடு இருந்தால் தவிர. (2,240 மீட்டர், அடிஸ் அபாபாவுக்கு நூறு மீட்டர்தான் குறைவு. நம் தேசிய ஓட்டக்காரர்கள் அங்கே முகாம் போடுவது அதனால்தான்.) மற்றவை கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மெதுவான நாளில் வெட்கப்படாமல் மெதுவாக ஓடுங்கள், கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு. வாரத்தில் இரண்டு நாளாவது மண்ணைத் தேடுங்கள்: ஏரிக்கரை, கல்லூரி மைதானம், கடற்கரை ஈர மணல், சவுக்குத் தோப்பு. ஒருவரையாவது கூட்டாளியாகப் பிடித்து, முறை வைத்து முன்னால் ஓடுங்கள். ஓட்டம் முடிந்ததும் நாலு முறை 80 மீட்டர் வேகமாக. வாரம் 200 கிலோமீட்டரை மட்டும் தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அங்கே போய் அவர்களோடு ஓட முடியுமா?

முடியும். எளிதான வழி, நவம்பரில் நடக்கும் கிரேட் எத்தியோப்பியன் ரன். 2001இல் ஹைலே தொடங்கியது, 10 கிலோமீட்டர், பல்லாயிரம் பேர். முதல் இரண்டு கிலோமீட்டரில் நெஞ்சு வாய்க்கு வந்துவிடும், பயப்பட வேண்டாம், காற்றுதான் காரணம். காட்டு ஓட்டத்துக்கும் யாராவது கூப்பிடுவார்கள், கூச்சமில்லாமல் போகலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். எத்தியோப்பியக் கடிகாரம் விடியலிலிருந்து எண்ணத் தொடங்கும். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. "11 மணிக்கு வா" என்று ஓட்டக்காரர் ஒருவர் சொன்னால் அது விடிகாலை ஐந்து மணி. சாவகாசமாகப் பகல் 11 மணிக்குப் போய் நின்றால், அவர்கள் ஓடி, சாப்பிட்டு, தூங்கப் போயிருப்பார்கள்.